‘நல்லா இருக்குங்க’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் செல்பேசிச் செயலிகள் உருவாக்கும் நிறுவனங்களில் வேலை பார்க்கிறீர்கள். கேள்வித்தாள் ஒன்றையும் பதிவு செய்ய ஒரு போனையும் எடுத்துக்கொண்டு, அந்தச் செயலிகளைப் பயன்படுத்தும் மனிதர்களைத் தேடிப் போகிறீர்கள். உங்களில் சிலர் ‘யூஸர் ரிசர்ச்’ என்று தனியாகப் படித்து வந்தவர்கள். பலர், “நீதான் நல்லாப் பேசுவியே, போய்க் கேட்டுட்டு வா” என்று அனுப்பப்பட்டவர்கள். இரு சாராருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளைப் பணம் அனுப்பும் செயலிகளில் இருந்தே எடுத்துக்கொள்கிறேன். 2016-இல் யூபிஐ வந்த பிறகு பூக்கடையிலும் இளநீர் வண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. அதைப் பயன்படுத்தாதவரைத் தேடிப் பிடிக்கத்தான் இப்போது கஷ்டம்.

பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தும், மற்றவர்கள் செய்த நேர்காணல்களின் பதிவுகளைக் கேட்டும் வருகிறேன். பெரும்பாலான பதிவுகளில் ஒரு கட்டம் வரும். “இந்த ஆப் எப்படி இருக்குங்க?” என்று கேட்பீர்கள். “நல்லா இருக்குங்க” என்பார்கள். “ஈஸியா இருக்கா?” “ஈஸியாத்தான் இருக்கு.” அறிக்கையில் அது ‘பயனர்களுக்குத் திருப்தி’ என்று ஏறிவிடும். அப்படிச் சொன்ன அம்மா உங்களிடம் பொய் சொல்லவில்லை. வெயிலில் வந்திருக்கும் ஒரு பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று நினைத்தார். படித்தவர்கள் செய்த பொருளைக் குறை சொல்ல நாம் யார் என்றும் நினைத்தார். உங்களை மகிழ்விக்க வேண்டும் என்ற தேவை அவருக்கு இல்லாமல் செய்வதுதான் நேர்காணல் நடத்துகிறவரின் முதல் வேலை. கேள்விகள் அதற்குப் பிறகுதான்.

இதை நான் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. 2012-இல் நிக்கோலா டெல், இந்திராணி மேத்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள் பெங்களூரில் 450 நேர்காணல்கள் நடத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேசியவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள், ஆட்டோ ஓட்டுநர்களும் இருந்தார்கள். இரண்டு பொருட்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். அவற்றில் ஒன்றைக் கேட்பவரே உருவாக்கியது என்று தெரியும்படி செய்தார்கள். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றேதான். அப்படியிருந்தும், கேட்பவர் உருவாக்கியது என்று நம்பியதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. கேட்பவர் வெளிநாட்டவர், கூடவே மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார் என்றால் அது ஐந்து மடங்கானது. கேட்பவரின் பொருளை வேண்டுமென்றே தரம் குறைத்துக் காட்டியபோதும் அதையே விரும்புவதாகச் சொன்னார்கள். நீங்கள் வெளிநாட்டவர் இல்லை. ஆனால் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மடிக்கணினியுமாகக் காரில் இருந்து இறங்கி ஒரு தெருவுக்குள் நுழையும்போது, அந்தத் தெருவுக்கு நீங்கள் எவ்வளவு தூரத்தவர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே முதலில் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். நிறுவனத்தின் பெயர் போட்ட டி-ஷர்ட் வேண்டாம். அறிமுகம் செய்துகொள்ளும்போது, “இதை நாங்க செஞ்சிருக்கோம், எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்று தொடங்கினால் அங்கேயே நேர்காணல் முடிந்துவிட்டது. “இதைச் செஞ்சவங்க வேற ஆளுங்க. இதுல எங்கெங்க ஜனங்க மாட்டிக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுதான் என் வேலை” என்று சொல்லுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். திரையை வடிவமைத்தவரே போய்க் கேட்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒருவர் தடுமாறும்போது அவர் முகம் வாடும். எதிரே இருப்பவர் அதைப் பார்த்துவிடுவார். வேறு ஆளே இல்லாத சின்ன நிறுவனம் என்றால், ஒன்றுக்கு இரண்டு மாதிரிகளைக் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் நீட்டினால் அது பரிசு கொடுப்பது போலாகிவிடும், வாங்கியவர் பாராட்டத்தான் செய்வார். இரண்டை வைத்தால் ஒப்பிட்டுப் பேச அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

மும்பையில் பணியாற்றிய அபலா லாஹிரி சவான் இதே சிக்கலுக்கு வேறொரு வழி கண்டார். இந்தியர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்குகிறார்கள் என்பதைப் பார்த்து, சோதனையை ஒரு சினிமாக் கதைக்குள் வைத்தார். உங்கள் அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கூலிக்குக் கொலை செய்கிறவன், ஏற்கெனவே மணமானவன் என்று தெரியவருகிறது. ஆதாரத்தோடு அவனுடைய மனைவியையும் அழைத்துக்கொண்டு உடனே பெங்களூருக்கு விமானம் ஏற வேண்டும், டிக்கெட் போடுங்கள் என்பார். ‘பாலிவுட் முறை’ என்று அதற்குப் பெயர் வந்தது. கதையின் அவசரத்தில் மரியாதைத் தயக்கம் போய், டிக்கெட் போடும் தளத்தின் மீது இருந்த எரிச்சல் வெளியே வந்தது. எனக்கு அவ்வளவு பெரிய கதை தேவைப்பட்டதில்லை. “ஊர்ல இருக்கிற உங்க தங்கச்சிக்கு இதைப் போன்லயே சொல்லிக்குடுக்கணும். எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்பேன். உடனே குரல் மாறும். “முதல்ல அந்தப் பச்சையை அமுக்கிராதடி, அது வேற எங்கயோ கொண்டு போயிரும்” என்பார்கள். ஐந்து நிமிடம் முன்னால் ‘ஈஸியாத்தான் இருக்கு’ என்றவர்தான் இப்படிச் சொல்வார். தனக்கு வந்த கஷ்டத்தைச் சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். அடுத்தவர் கஷ்டப்படக்கூடாது என்று எச்சரிக்கக் கூச்சமே கிடையாது.

எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்பதும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் பதிலை மாற்றும். வீட்டுக்குப் போனால் இருக்கும் ஒரே நாற்காலியை உங்களுக்குப் போட்டுவிட்டு அவர் தரையில் உட்காருவார். நீங்களும் தரையில் உட்காருங்கள். தண்ணீரோ டீயோ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். மறுப்பதற்கு நம் ஊரில் பல அர்த்தங்கள் உண்டு, அவற்றில் சில மிகவும் கசப்பானவை. பெண்களிடம் பேசும்போது கணவரோ மகனோ கதவோரம் நின்று, “அதுக்கு ஒண்ணும் தெரியாது சார், என்கிட்ட கேளுங்க” என்பார். அவரை விரட்டவும் முடியாது, விரட்டவும் கூடாது. இருவராகப் போங்கள், ஒருவர் அவரை வாசலுக்கு அழைத்துப் போய், அவர் பயன்படுத்தும் விதத்தைப் பற்றித் தனியாக ஒரு நேர்காணலே நடத்தட்டும். இன்னொருவர் உள்ளே அந்த அம்மாவோடு இருக்கட்டும். பெண்ணிடம் பேசப் பெண் போவது நல்லது. கடைக்காரர்களிடம் வியாபாரம் ஓய்ந்த மத்தியான வேளையில் போங்கள். ஆனால் கடையிலேயே பேசுங்கள், அலுவலகத்துக்கு வரவழைக்காதீர்கள். கல்லாப்பெட்டி, கசங்கிய கணக்கு நோட்டு, சுவரில் ஒட்டிய போன் நம்பர்கள், எண்ணெய்க் கையால் திறக்காத போன் பூட்டு, இவை எதுவும் உங்கள் குளிர்சாதன அறைக்கு வராது.

எப்படி அழைப்பது என்று சிலர் கேட்கிறீர்கள். அக்கா, அண்ணே, அம்மா, ஐயா என்று அந்த ஊரில் எப்படி அழைப்பார்களோ அப்படியே அழையுங்கள். உங்களை விட இளையவரையும் நீங்க, வாங்க என்றே பேசுங்கள். வேலைக்காரர், டெலிவரிப் பையன், துப்புரவுத் தொழிலாளி என்றதும் ஒருமைக்கு இறங்கும் குரலைச் சில பதிவுகளில் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வரும் எந்தப் பதிலையும் நான் நம்புவதில்லை.

ஒப்புதல் வாங்குவதைச் சடங்காக்காதீர்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு பக்கத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், நம் மக்களுக்கு அது பத்திரப் பதிவு அலுவலகத்தையும் கடன் கொடுப்பவரையும்தான் நினைவூட்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுத்தது போலவே எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். இதை எல்லாம் வாயால், நிதானமாக, பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். எதைப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம், பாதியில் நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. அவர்களுடைய நேரத்துக்கு நீங்கள் தரும் பணத்தைப் பேச்சு தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். கடைசியில் தருவதாக வைத்திருந்தால், நல்லபடியாகச் சொன்னால்தான் கிடைக்கும் என்று அவர் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கில் தவறும் இல்லை.

இனி கேள்விகளுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், பயனர் நேர்காணலுக்கு மிகச் சிறந்த கேள்வி “கடைசியா எப்போ?” என்பதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளானகன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப்படைக்காக வேலை செய்தவர். நல்ல விமானிக்கு என்ன வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் வீரம், நிதானம் என்று பெரிய சொற்களே வரும். நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அப்போது யார் என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆனது என்று கேட்கும் முறையை அவர் வளர்த்தெடுத்து 1954-இல் விரிவாக எழுதினார். இன்று நாம் கேட்க வேண்டியதும் அதுவே. ‘வழக்கமா எப்படிப் பணம் அனுப்புவீங்க?’ என்றால் எப்படி அனுப்ப வேண்டுமோ அதைச் சொல்வார்கள். ‘இப்படி ஒரு வசதி வந்தா யூஸ் பண்ணுவீங்களா?’ என்றால் ‘கண்டிப்பா’ என்பார்கள். வராத ஒன்றுக்கு ஆம் என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. நடந்து முடிந்ததைக் கேட்டால் மட்டுமே மரியாதைக்கு இடமில்லாமல் போகும். காய்கறிக் கடை அக்கா ஒருவரோடு பேச்சு இப்படிப் போகலாம்:

“இந்த போன்ல கடைசியா யாருக்குப் பணம் அனுப்புனீங்கக்கா?”

“நேத்து. எங்க சின்னவளுக்கு, ஹாஸ்டல் ஃபீஸு.”

“அப்போ எங்க இருந்தீங்க?”

“கடையிலதான். நல்ல கூட்டம். பக்கத்துக் கடைப் பையன்கிட்ட குடுத்து அனுப்பச் சொன்னேன்.”

“பையன்கிட்ட...?”

“ஆமா. பேரு இங்கிலீஷ்ல வருதுல்ல, தப்பா யாருக்காச்சும் போயிருச்சுன்னா? அவன் பார்த்துப் போடுவான். பின் நம்பர் மட்டும் நானே போட்டுக்குவேன். கை வேலையா இருந்தா அதையும் அவனே போட்டுருவான்.”

இதே அக்காவிடம் ‘நீங்களே பணம் அனுப்புவீங்களா?’ என்று கேட்டிருந்தால் ‘ஆமா’ என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். இப்போது பாருங்கள். ஒரு போனுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். பெறுபவரின் பெயர் ஆங்கிலத்தில் வருவதால் ஒரு தாய் தன் மகளுக்குத் தானே பணம் அனுப்பப் பயப்படுகிறார். பின் நம்பர் ரகசியம் என்று உங்கள் செயலி எத்தனை முறை எச்சரித்தாலும் கூட்ட நேரத்தில் அது நிற்கவில்லை. ஒரு நேர்காணலில் இவ்வளவு கிடைத்தால், அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்தாலும் எனக்குச் சம்மதமே. அந்த மூன்றாவது கேள்வியைக் கவனித்தீர்களா? அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லி நிறுத்தியதுதான். புதுக் கேள்வியை விட அது ஆழமாகப் போகும்.

‘ஏன்’ என்ற கேள்வியைப் பார்த்துக் கேளுங்கள். “ஏன் பையன்கிட்ட குடுத்தீங்க?” என்றால் அவர் காதில் அது அதட்டலாக விழும், உடனே நியாயம் சொல்லத் தொடங்குவார். காரணம் கேட்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒரே மாதிரியானவை. ஆனால் வலது கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தார்கள். இடது கோடிக்கு 12 சதவீதம்தான். காரணம் கேட்டால் நெசவு, மென்மை என்றெல்லாம் சொன்னார்கள். வைத்திருந்த இடத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோதும் கிட்டத்தட்ட எல்லோரும் மறுத்தார்கள். ஆகவே காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதன் மேல் வீடு கட்டாதீர்கள். “என்ன நடந்துச்சு?” “அதுக்கு முன்னாடி?” “அப்புறம் என்ன பண்ணீங்க?” என்ற மூன்றும் உங்களை வெகுதூரம் கொண்டுபோகும்.

நீங்கள் போடும் சொல்லும் பதிலுக்குள் போய்விடும். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். ஒன்றோடொன்று மோதி நொறுங்கியபோது என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றார்கள். ஒன்றையொன்று தொட்டபோது என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். தொடர்ந்து நடத்திய இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் வகைக் கேள்வி கேட்கப்பட்டவர்களே அதிகம் சொன்னார்கள். உங்கள் பதிவுகளில் நான் அடிக்கடி கேட்பது, “இங்க கொஞ்சம் குழப்பமா இருந்துச்சுல்ல?” “இந்தக் கலர் நல்லாருக்குதானே?” போன்றவை. அந்த ‘ல்ல’வும் ‘தானே’வும் கேட்டவுடன் தலையாட்டுவது நம் பண்பாடு. “இங்க வந்ததும் என்ன தோணுச்சு?” என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பதிலுக்கு ‘சூப்பர்’, ‘கரெக்ட்’ என்று சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். அது கிடைத்தால் அதே மாதிரி இன்னும் பத்துப் பதில் தருவார்கள். ‘ம்’ போதும்.

நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கும் திறமை அதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர், வகுப்பில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஒலிநாடாக்களை வைத்து அளந்தார். பெரும்பாலும் ஒரு வினாடிதான். அதை 3 வினாடியாக நீட்டச் சொன்னார். பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ என்பது குறைந்தது. பேசாத பிள்ளைகள் பேசினார்கள். 3 வினாடி என்பது கேட்கச் சிறிது, எதிரே உட்கார்ந்திருக்கும்போது மிகப் பெரிது. மௌனம் வந்ததும் உங்களுக்குப் பதற்றம் வருகிறது, அடுத்த கேள்வியைத் தூக்கிப் போடுகிறீர்கள். பெரியவர் ஒருவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்துவிட்டு, பிறகுதான் பேசுவார். அவர் தெருவைப் பார்த்த நேரத்தில் நீங்கள் குறுக்கே பேசினால், வரவிருந்தது வராது.

செயலியைக் கையில் கொடுத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்லும்போதுதான் உங்களுக்குக் கடினமான சோதனை. அவர் தடுமாறுவார். விரல் திரைக்கு மேலே அலையும். உங்களை நிமிர்ந்து பார்த்து, “இதை அமுக்கவா தம்பி?” என்பார். உதவி செய் என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். கை தானாக நீளும். நீட்டாதீர்கள். “நான் இங்க இல்லைன்னு வச்சுக்கங்க. வீட்ல தனியா இருக்கும்போது இப்படி ஆனா என்ன பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். ‘பையன் வர்ற வரைக்கும் வச்சிருப்பேன்’ என்று பதில் வந்தால், அந்தத் திரையைப் பற்றி அதைவிடத் தெளிவான தீர்ப்பு உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் ஒன்று. சோதிக்கப்படுவது செயலி, அவரல்ல என்பதைத் தொடக்கத்திலும் நடுவிலும் சொல்லிக்கொண்டே இருங்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் திரையின் முன் உட்கார்ந்ததும் மறுபடி தேர்வு எழுதுவது போலக் கூசிப்போகிறார்கள். அவருடைய முகம் இறுகிவிட்டால் அந்த வேலையை அங்கேயே முடித்துவிடுங்கள். ஒரு தரவுக்காக ஒரு மனிதரைச் சிறுமைப்பட வைக்க நமக்கு உரிமையில்லை.

மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லும் முறையை ஐபிஎம் நிறுவனத்தின் கிளேட்டன் லூயிஸ் 1982-இல் கணினித் துறைக்குக் கொண்டுவந்தார். நல்ல முறைதான், ஆனால் தனியாகப் பேசச் சொன்னால் நம் ஊரில் பலர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு தோழியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மானிடவியலாளர் லூசி சுச்மன் 1980-களின் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தார். புதிய நகல் எந்திரத்தின் முன் இருவர் இருவராக நிறுத்திப் படம் பிடித்தார். ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே வேலை செய்ததால், எங்கே என்ன புரியவில்லை என்பது தானாக வெளிவந்தது. அந்தப் படங்களில் தடுமாறியவர்களில் அந்த மையத்தின் தேர்ந்த கணினி அறிஞர்களும் உண்டு. ‘யூஸருக்குத்தான் புரியல’ என்று சொல்லும் எந்த மேலாளருக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் இருவரை ஒரு போனோடு உட்கார வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியிருக்காது.

பணத்தைப் பற்றிப் பேசப் போனால் கேள்வித்தாளில் இல்லாதவையும் வரும். ஏமாந்த கதை வரும். பணம் வருவதற்கு யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்புவதற்கு மட்டும்தான் என்பது தெரியாமல், ‘உங்களுக்குப் பணம் போடுறோம், நம்பரைப் போடுங்க’ என்ற குரலை நம்பி இழந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லாமல் வைத்திருப்பதை முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லி அழுவார்கள். அப்போது பேனாவை மூடுங்கள். பதிவை நிறுத்தவா என்று கேளுங்கள். உங்கள் ஆய்வுக்கு அது எவ்வளவு பொருத்தமானது என்ற எண்ணம் வந்தால் அதை அடக்குங்கள். 1930 என்பது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க முடியாதவர் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம் என்று நினைக்கிறேன். போலி வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். “கம்பெனியில சொல்லி வாங்கித் தர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தால், அவர் உங்கள் போனுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்.

திரும்பி வந்ததும் அன்றைக்கே, கூட வந்தவரோடு உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒரு பக்கமும் நீங்கள் நினைத்ததை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அவர் வாய்ச்சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘பயனர் பாதுகாப்பு குறித்துக் கவலை தெரிவித்தார்’ என்று மாற்றி எழுதும்போது ஹாஸ்டல் ஃபீஸும் பக்கத்துக் கடைப் பையனும் காணாமல் போகிறார்கள்.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி எப்போதும் வரும். ‘ஐந்து பேர் போதும்’ என்று ஜேக்கப் நீல்சன் சொன்னதை எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான பயனர்களிடம், ஒரு திரையில் உள்ள பயன்பாட்டுக் குறைகளைத் தேடும் சோதனைக்கு, அதுவும் திருத்தித் திருத்தி மறுபடி சோதிப்பதற்காக அவர் சொன்ன கணக்கு அது. கோவையின் ஐந்து பொறியாளர்களைப் பார்த்துவிட்டு இராமநாதபுரத்து மீனவப் பெண்களுக்கும் சேர்த்து முடிவெடுக்க அதில் அனுமதி இல்லை.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். உங்கள் நிறுவனத்தில் முடிவெடுக்கிறவர் ஒருவரை அடுத்த முறை கூட அழைத்துப் போங்கள். வாயைத் திறக்கக்கூடாது, தரையில் உட்கார வேண்டும், குறிப்பு எடுக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை போடுங்கள். நீங்கள் எழுதும் நாற்பது பக்க அறிக்கையை அவர் புரட்டாமல் போகலாம். தன் கண் முன்னால் ஓர் அம்மா மகளின் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துப் பயந்ததை அவரால் அப்படிக் கடந்துபோக முடியாது.

இரண்டாவது, நீங்கள் பார்த்த மனிதர்களிடம் திரும்பிப் போங்கள். திருத்திய செயலி வெளிவந்ததும் அவர்களுக்கு ஒரு போன் செய்து, “நீங்க அன்னிக்குச் சொன்னதால இதை மாத்தியிருக்கோம்” என்று சொல்லுங்கள். மாற்ற முடியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குறை சொன்னால் ஒருவர் காது கொடுத்துக் கேட்பார் என்று தெரிந்தவர்கள் அடுத்த முறை யார் வந்து கேட்டாலும் உள்ளதைச் சொல்வார்கள். உங்களுக்குப் பின்னால் அதே தெருவுக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காக இதைச் செய்யுங்கள்.

அன்புடன்,
இதே வேலையில் உங்களுக்கு மூத்த ஓர் அக்கா